‘சத்தாகச் சாப்பிடுங்கள்’ என்றால் எவ்வளவு, எத்தனை நாள்? மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், மருத்துவமனைகளை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது நீங்கள் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல். மாத்திரைகளை அதில் எவ்வளவு ஒழுங்காக எழுதுகிறீர்கள்! எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாள் என்று எல்லாமே கட்டம் போட்டு இருக்கும். மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதும் இருக்கும். அப்படியே கீழே இறங்கிக் கடைசி வரிக்கு வந்தால், “சத்தான ஆகாரம் எடுத்துக்கொள்ளவும்.” அவ்வளவுதான். சில சீட்டுகளில் அதுகூட இருக்காது, “நார்மல் டயட்” என்று இரண்டே சொல்.

பத்து நாளாகக் கஞ்சியைத் தவிர வேறு எதுவும் இறங்காத ஒருவருக்கு நார்மல் என்பது எது? எவ்வளவு சாப்பிட்டால் சத்து, எத்தனை வேளை, எத்தனை வாரம்? சீட்டை எழுதியவருக்கு இது தெரிந்திருக்கலாம். அதைக் கையில் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போகிறவருக்குத் தெரியாது. நான் மருத்துவம் படித்தவன் அல்ல. அப்பா அம்மா இருவரின் நோய்க்காலத்திலும் கூடவே இருந்தவன். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்களின் வீட்டாரோடு பேசிப் பேசி, எல்லோரும் இதே கடைசி வரியில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டவன். ஆகவே கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரையை எழுதுவது போலவே சாப்பாட்டையும் எழுதுங்கள். அளவு, வேளை, எத்தனை நாள் என்று.

இது ஏதோ கூடுதல் சலுகை கேட்பது போலத் தோன்றலாம். நோய்வாய்ப்பட்ட உடம்பு என்ன செய்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பு எரிக்கும் சக்தி ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. தொற்றோடு போராடவும் காயத்தை ஆற்றவும் புரதம் வேண்டும். சாப்பாட்டில் அது வராதபோது உடம்பு தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சும்மா படுத்திருப்பதற்கே தசை கரையும். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த வயதானவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துச் செய்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை குறைந்தது. அவர்களுக்கு எந்த நோயும் இல்லை, சாப்பாடும் தவறாமல் போனது. அப்படியானால் நிமோனியாவோடு, பாதித் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டுப் படுத்திருப்பவரின் கால் என்ன ஆகும்? நோய் குணமாகிவிட்டது என்று நீங்கள் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். அவரால் கழிப்பறை இருக்கையிலிருந்து எழுந்திருக்க முடிவதில்லை. வீட்டார் அதை வயது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இழந்ததைத் திரும்பப் பெற எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று சொல்லி, அதற்குப் பதிலாக இதற்கு முன்வந்தவர்கள் அவர்கள். 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு, எடையில் கால்வாசி போயிற்று. அப்புறம்தான் முக்கியமான கட்டம்: இவர்களை எப்படித் தேற்றுவது? கூடுதல் வைட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள், கூடுதல் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தச் சாப்பாடு போதாமல் இருந்தவரை இரண்டாலும் பெரிய பலன் தெரியவில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதைவிட நிறைய, நாளுக்கு 4000 கலோரி வரை, பல மாதம் சாப்பிட்டால்தான் உடம்பு பழையபடி தேறும் என்பது கீஸ் கண்ட முடிவு.

இளைஞர்களுக்கான அந்த 4000 கலோரியை 70 வயதுக்காரருக்கு யாரும் கேட்கவில்லை. நான் சொல்ல வருவது வேறு. தேறி வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதற்குச் சாதாரண அளவு போதாது, சத்து மாத்திரை மட்டும் கொடுத்தால் அது ஈடாகாது. இந்த மூன்றும் தெரிந்து 80 ஆண்டு ஆகிறது. சீட்டில் ஒன்றாவது இருக்கிறதா?

மருத்துவமனைக்கு உள்ளேயே நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். குளுக்கோஸ் பாட்டிலில் இருந்து தொடங்குகிறேன். உறவினர்களுக்கு அந்தப் பாட்டில் மீது அபார நம்பிக்கை. “இரண்டு பாட்டில் ஏறிவிட்டது, இனித் தெம்பு வந்துவிடும்” என்பார்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை. சுமார் 170 கலோரி, இரண்டு வாழைப்பழத்துக்குச் சமம். புரதம் துளியும் இல்லை. நீரிழப்புக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டில் தொங்குவதைப் பார்த்து, “அதான் உள்ளே போகிறதே” என்று சாப்பாட்டை விட்டுவிடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இது உணவு இல்லை என்று ஒரு நர்ஸ் சொன்னால் போதும். யாரும் சொல்வதில்லை.

அடுத்தது வெறும் வயிறு. மயக்க மருந்து கொடுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு வரை லேசான சாப்பாடும், 2 மணி நேரம் முன்பு வரை தெளிவான திரவங்களும் பெரும்பாலானோருக்குக் கொடுக்கலாம் என்று மயக்கவியல் நிபுணர்களின் வழிகாட்டுதலே சொல்கிறது. நடைமுறையில் நள்ளிரவிலிருந்தே தண்ணீர்கூடக் கிடையாது. காலை ஸ்கேன் மதியத்துக்குத் தள்ளிப்போகும், மதியம் மாலையாகும், கடைசியில் “மெஷின் சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம்” என்பார்கள். அதற்குள் வார்டுச் சாப்பாடு வந்து போயிருக்கும். என் அம்மாவுக்கு இப்படி நடந்தபோது கேன்டீனும் மூடியிருந்தது, பக்கத்துப் படுக்கைக்காரர் கொடுத்த பிஸ்கட்தான் அன்றைய இரவுச் சாப்பாடு. மறுநாளும் வெறும் வயிறு. யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. தள்ளிப்போன பரிசோதனைக்காரருக்கு ஒரு தட்டு எடுத்து வைப்பது யாருடைய வேலை என்று எங்குமே எழுதப்படவில்லை, அதுதான் விஷயம்.

தட்டு வந்தால் மட்டும்? தள்ளுவண்டியில் வருபவர் படுக்கைக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். மேசை நோயாளியின் இடப்பக்கம் இருக்கும், இடக்கையில் ஊசிக் குழாய் குத்தியிருக்கும். மூடியை இறுக்கமாக அழுத்தி வைத்திருப்பார்கள். பல்செட் இழுப்பறையில் ஒரு டப்பாவுக்குள். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கிவிட யாராவது வர வேண்டும். சரியாக அந்த நேரத்தில் ரவுண்ட்ஸ் வந்துவிடும், உறவினர்கள் எல்லாம் வெளியே போக வேண்டும். முக்கால் மணி கழித்து வண்டிக்காரர் திரும்பி வருவார். மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் தட்டை எடுத்துப் போவார். வார்டு ஃபைலில் ஒரு பக்கம் இருக்கிறது, உள்ளே போன திரவம், வெளியே வந்த சிறுநீர் எல்லாம் மில்லிலிட்டர் கணக்கில். சாப்பாட்டுக்கு எதிரே ஒரு டிக்.

நவீன செவிலியர் பணிக்கு வழிகாட்டிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859லேயே இதைத்தான் எழுதினார். உணவு ஏராளமாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான நோயாளிகள் பட்டினியில் வாடுகிறார்கள், அவர்கள் சாப்பிடுவதற்கு வழி செய்து கொடுக்க ஆளில்லை என்பதே காரணம் என்றார். 1974ல் சார்லஸ் பட்டர்வொர்த் என்ற அமெரிக்க மருத்துவர் தன் துறையினருக்கே ஒரு கட்டுரை எழுதி, மருத்துவமனைக்குள் ஊட்டக்குறைவு உருவாகும் வழிகளை வரிசையாகக் காட்டினார். எடையும் உயரமும் குறிக்கப்படாமல் இருப்பது, பரிசோதனைக்காகச் சாப்பாடு தவறிக்கொண்டே போவது, குளுக்கோஸ் பாட்டிலிலேயே நாளைக் கடத்துவது, நோயாளி எவ்வளவு சாப்பிட்டார் என்று யாரும் பார்க்காமல் இருப்பது. அந்தப் பட்டியலை இன்று ஒரு வார்டுக்கு எடுத்துப் போனால் எத்தனை வரியை அடிக்க முடியும் என்று நீங்களே பாருங்கள்.

இவ்வளவையும் கடந்து நோயாளி வீட்டுக்கு வருகிறார். இனிச் சமைப்பவர் பாடு. “சத்தான ஆகாரம்” என்ற வரியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன வாங்குகிறது தெரியுமா? பழச்சாறு, சூப், ஒரு டப்பா சத்து மாவு.

சூப் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. காய்ச்சலில் தொண்டைக்கு இதம், உப்பும் நீரும் உள்ளே போகும், பசியைக் கொஞ்சம் கிளப்பும். ஆனால் எலும்பையோ காய்கறியையோ கொதிக்கவிட்டு, சக்கையை எறிந்துவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கொடுத்தால் அதில் கலோரியும் புரதமும் மிகக் குறைவு. சத்து எல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது என்ற நினைப்பு நைட்டிங்கேல் காலத்திலேயே இருந்தது, மாட்டிறைச்சிச் சாற்றைப் பற்றி அவரும் இதே எச்சரிக்கையைச் சொல்லியிருக்கிறார். ஒரு பெரிய கிண்ணம் சூப் குடித்து வயிறு நிறைந்தவருக்கு அதன்பிறகு முட்டை இறங்காது, இதுதான் சிக்கல். பழச்சாறும் ஏறக்குறைய அப்படித்தான், சர்க்கரை உண்டு, புரதம் இல்லை. சத்து மாவு டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பட்டியலில் முதலிடத்தில் சர்க்கரை இருந்தால் அது இனிப்பு மாவு, அவ்வளவே. மருத்துவக் காரணத்துக்காகத் தரப்படும் ஊட்டச்சத்துப் பானங்கள் வேறு. அவை தேவைப்படுபவர்கள் உண்டு. யாருக்குத் தேவை என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கணக்காகச் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது வழக்கமான அளவு. நோயில் விழுந்த வயதானவர்களுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என்கின்றன மருத்துவ ஊட்டச்சத்து வழிகாட்டுதல்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். சீட்டில் “72 கிராம் புரதம்” என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. சமையலறைக் கணக்கில் எழுத வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலில் 6, 7 கிராம். கெட்டியாக வெந்த பருப்பு ஒரு கிண்ணத்தில் 8 கிராம் போல. வெந்த மீனோ கோழியோ 100 கிராம் எடுத்தால் 20 கிராமுக்கு மேல். ஆக, இரண்டு முட்டை, மூன்று தம்ளர் பால் அல்லது தயிர், இரண்டு கிண்ணம் பருப்பு, ஒரு துண்டு மீன், அதோடு நாள் முழுக்கச் சாப்பிடும் தானியத்தில் இருப்பது. கணக்கு சேர்ந்துவிட்டது. அசைவம் சாப்பிடாதவருக்கு அந்த மீனின் இடத்தில் சோயா, பயறு, நிலக்கடலை, கூடுதல் பால்.

படித்தால் எளிது. பசியே இல்லாத ஒருவருக்குள் இதை எப்படிச் செலுத்துவது? இங்கேதான் உங்கள் டயட்டீஷியன்களிடம் பெரிய கைச்சரக்கு இருக்கிறது, அது வீட்டுக்கு வந்து சேர்வதே இல்லை. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளையாகப் பிரிக்கலாம். காலையில் பசி நன்றாக இருக்குமானால் பெரிய பங்கை அப்போதே கொடுத்துவிடலாம், பலருக்குச் சாயங்காலம் ஆக ஆகக் களைப்பில் வாய் திறக்காது. அளவைக் கூட்டாமல் கனத்தைக் கூட்டலாம். கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் பாலில் வேக வைப்பது, பாலிலேயே இரண்டு கரண்டி பால் பவுடர் கலப்பது, பருப்பு மசியலில் ஒரு டீஸ்பூன் எண்ணெயோ வெண்ணெயோ சேர்ப்பது. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சுமார் 45 கலோரி, நாளுக்கு நான்கு டீஸ்பூன் சேர்த்தால் ஒரு லிட்டர் டிரிப்ஸில் வந்ததைவிட அதிகம், தட்டோ பெரிதாகவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் நிறையத் தண்ணீர் கொடுத்து வயிற்றை அடைக்காமல் இருப்பது. குமட்டல் இருப்பவருக்குச் சூடான சாப்பாட்டின் மணமே ஆகாது. ஆறிய உணவு, குளிர்ந்த தயிர், வெறும் ரொட்டி, இவை இறங்கும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாதிரியான மருந்துகள் வாயில் உலோகச் சுவையைக் கொண்டுவரும். அதைச் சாப்பாட்டின் குற்றமென்று நினைத்துச் சமைத்தவர் மேல் எரிந்து விழும் நோயாளிகள் உண்டு. மருந்துச் சாப்பிடும் நாட்கள் முடிந்ததும் சரியாகிவிடும் என்று முன்பே சொல்லிவிட்டால் எத்தனை வீட்டில் சண்டை குறையும்!

இப்போது எனக்கு மிகவும் மன உளைச்சல் தந்த விஷயத்துக்கு வருகிறேன். எதைச் சாப்பிட வேண்டும் என்று எழுதாத சீட்டுகள், எதைச் சாப்பிடக் கூடாது என்பதைத் தவறாமல் எழுதுகின்றன.

வயதான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இதயத்தைப் பார்க்கும் மருத்துவர் உப்பையும் கொழுப்பையும் குறைக்கச் சொல்கிறார். சர்க்கரைக்குப் பார்ப்பவர் இனிப்பையும் மாவுச்சத்தையும். வயிற்றுக்குப் பார்ப்பவர் காரம், பால், பருப்பு மூன்றையும். எப்போதோ ஒரு தடவை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் ஏறியிருந்தபோது யாரோ புரதத்தைக் குறைக்கச் சொன்னது இன்னும் அமலில் இருக்கிறது. ஒவ்வொருவர் சொன்னதும் அவரவர் துறையில் நியாயம். ஆனால் எல்லாச் சீட்டும் சேருவது ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மகள் ஒரு தாளை ஒட்டியிருப்பார், நடுவில் கோடு போட்டு, வலப்பக்கம் “கூடாது”, இடப்பக்கம் “சாப்பிடலாம்”. வலப்பக்கம் நிறைந்து தாளின் பின்பக்கத்துக்குப் போயிருக்கும். இடப்பக்கத்தில் கஞ்சி, இட்ட உப்பு தெரியாத வெந்த காய், ஆப்பிள். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒருவர் எத்தனை மாதம் பிழைப்பார்? சர்க்கரை கட்டுக்குள் இருக்கும், கொழுப்பும் கட்டுக்குள் இருக்கும், சட்டை மட்டும் தோளில் தொங்கும்.

வயதானவர்களுக்கான ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: சாப்பிடும் அளவைக் குறைத்துவிடக் கூடிய கட்டுப்பாடுகள் முதியவர்களுக்குத் தீங்காக முடியலாம், தவிர்க்கப் பாருங்கள் என்று. ஆகவே என் வேண்டுகோள், எந்த உணவைத் தடுத்தாலும் மூன்றைச் சேர்த்து எழுதுங்கள். ஏன் தடுக்கிறீர்கள், எந்தத் தேதி வரை, அதற்குப் பதில் எதைச் சாப்பிடலாம். முடிவுத் தேதி இல்லாத ஆன்டிபயாடிக்கை எழுத மாட்டீர்கள் அல்லவா? தேதி இல்லாத பத்தியம் மட்டும் ஆயுள் முழுக்கத் தொடர்கிறது, ஏனென்றால் நீங்களே சொன்னதை மீற எங்களுக்குத் தைரியம் கிடையாது. இரண்டு துறைகளின் தடைகள் மோதினால் எது முக்கியம் என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் மகளாக இருக்கக் கூடாது.

காய்ச்சலுக்குப் பட்டினி போடும் பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. அது இன்னும் முழுதாகப் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற மருத்துவர், காய்ச்சல்காரர்களைப் பட்டினி போட்டே கொல்கிறார்கள் என்று அந்தக் கால வழக்கத்தோடு மோதினார். தன் கல்லறையில் ‘காய்ச்சல்காரர்களுக்குச் சோறு போட்டவர்’ என்று எழுதினால் போதும் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். உங்கள் தொழிலில் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள், அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

சாப்பாடு விஷயம்தானே, இதில் என்ன ஆபத்து, வீட்டாரே பார்த்துக்கொள்வார்கள் என்று சிலர் நினைக்கலாம். ஆபத்து இருக்கிறது, அதனாலேயே எழுதச் சொல்கிறேன். பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தவருக்கு, அன்பு மிகுதியில் முதல் நாளே வயிறு முட்டக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பின் அளவு சரிந்து இதயமே தடுமாறக் கூடும். இரண்டாம் உலகப்போர் முடிந்து முகாம்களிலிருந்தும் சிறைகளிலிருந்தும் மீட்கப்பட்டவர்களில் பலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்த கொடுமையை மருத்துவ உலகம் பார்த்திருக்கிறது. 5 நாளுக்கு மேல் மிகக் குறைவாகவோ எதுவுமேயில்லாமலோ இருந்தவர்களுக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று 2006ல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதல் சொல்கிறது. எந்த வீட்டுக்கு இது தெரியும்? பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீர்தான் ஆபத்தாகலாம், கெட்டியான கூழ் அதைவிடப் பாதுகாப்பாக இருக்கலாம் என்பதும் அப்படியே. மெல்லிய திரவம் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய்விடலாம். உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எண் கொடுத்துப் பிரிக்கும் சர்வதேச அளவுகோலே இருக்கிறது. சீட்டில் “மென்மையான உணவு” என்று எழுதினால் ஒரு வீட்டில் அது மோர், இன்னொரு வீட்டில் பிசைந்த சாதம். சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் தொடங்காமல் இருப்பவருக்கு நான் மேலே சொன்ன புரதக் கணக்கு பொருந்தாது, அவருக்குத் தனிக் கணக்கு வேண்டும். இதையெல்லாம் குடும்பத்தின் ஊகத்துக்கு விடுவது எப்படிச் சரியாகும்?

மருந்தும் உணவும் மோதும் இடங்களும் உண்டு. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளைப் பாலோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேர்வது குறைகிறது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போட்டால் அதுவும் வீண். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையையே தொடக் கூடாது என்று பயந்து விட்டுவிடுகிறார், உண்மையில் நாளுக்கு நாள் அளவு மாறாமல் ஒரே சீராகச் சாப்பிட வேண்டும் என்பதுதான் தேவை. மருந்துக் கடைக்காரர் சில சமயம் சொல்வார், பல சமயம் வரிசை நீளமாக இருக்கும்.

சாப்பாட்டை மருந்துபோல எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு, ஏற்கனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்பதை நினைவுபடுத்துகிறேன். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்கிறது? உப்பு-சர்க்கரைக் கரைசல், 10 முதல் 14 நாள் துத்தநாகம், தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாமல் கொடுப்பது, பேதி நின்றபின் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதல் சாப்பாடு. எவ்வளவு தெளிவு! நாளுக்கு ஒரு வேளை, இரண்டு வாரம். படிப்பறிவு இல்லாத தாய்க்கும் இது புரியும், செய்வார். குழந்தைக்கு எழுத முடிந்ததை நிமோனியாவில் இருந்து எழுந்த பாட்டிக்கும், அறுவை சிகிச்சை முடிந்த தொழிலாளிக்கும் எழுத ஏன் முடியாது?

பலன் இருக்குமா என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் 8 மருத்துவமனைகளில் ஊட்டக்குறைவு அபாயத்தில் இருந்த 2088 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான மருத்துவமனைச் சாப்பாடு. மற்றப் பாதிக்கு டயட்டீஷியன் உட்கார்ந்து, அவரவருக்குக் கலோரி எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அந்த அளவை எட்டும்படி பார்த்துக்கொண்டார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 10 சதவீதம், இரண்டாவதில் 7 சதவீதம். 2019ல் முடிவுகள் வெளிவந்தன. ஒரு மருந்து கம்பெனி இப்படி ஒன்றைக் காட்டியிருந்தால் அடுத்த மாதமே உங்கள் மேசையில் வண்ணத் தாளும் பேனாவும் வந்து உட்கார்ந்திருக்கும். முட்டைக்கும் பருப்புக்கும் மெடிக்கல் ரெப் கிடையாது.

நேரம் இல்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். வெளியே நிற்கும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன், அதில் நானும் நின்றிருக்கிறேன். அதனால் முழுப் புத்தகம் கேட்கவில்லை. அரைப் பக்கம் போதும், அச்சடித்த படிவமாகவே இருக்கலாம், டயட்டீஷியனோ பயிற்சி பெற்ற நர்ஸோ நிரப்பலாம், உங்கள் கையெழுத்து மட்டும் கீழே வேண்டும். உங்கள் கையெழுத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. டயட்டீஷியன் சொல்வதை வீட்டார் ஆலோசனையாக எடுத்துக்கொள்கிறார்கள், நீங்கள் சொல்வதை உத்தரவாக. நியாயமில்லைதான், ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

அந்த அரைப் பக்கத்தில் முதலில் வர வேண்டியது எடை. சேரும்போது எவ்வளவு, போகும்போது எவ்வளவு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். வேண்டுமென்று குறைக்காமல் மூன்று முதல் ஆறு மாதத்தில் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் அது பெரிய எச்சரிக்கை என்று ஊட்டக்குறைவை மதிப்பிட நீங்கள் பயன்படுத்தும் மதிப்பெண் முறைகளே சொல்கின்றன. எடையே எடுக்காவிட்டால் எச்சரிக்கை எங்கிருந்து வரும்? அதன் கீழே ஒரு நாளைக்கான சாப்பாடு, முட்டை, தம்ளர், கிண்ணம் என்ற அளவுகளில், அந்த வீட்டில் உண்மையில் சமைப்பதை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு. அதை எத்தனை வாரம் தொடர வேண்டும். எந்த உணவு தடை, எந்தத் தேதி வரை. மருந்தோடு மோதும் பொருள் இருந்தால் அது. அப்புறம் வீட்டார் உங்களை எப்போது திரும்ப அழைக்க வேண்டும் என்ற ஒரு வரி: இரண்டு வாரத்தில் எடை இன்னும் இறங்கினால், பாதித் தட்டுக்கு மேல் இறங்காமல் மூன்று நாள் ஆனால், சாப்பிடும்போது இருமல் வந்தால்.

நிர்வாகிகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். தட்டை எடுத்துப் போகும் ஊழியர், எடுக்கும் முன் மூடியைத் திறந்து பார்த்து, முழுசா, பாதியா, தொடவே இல்லையா என்று ஒரு கட்டத்தில் குறிக்கட்டும். புது மெஷின் வேண்டாம், புது ஆள் வேண்டாம். அந்தக் குறிப்பை ரவுண்ட்ஸில் ஒருவர் கேட்டால் போதும். பரிசோதனை தள்ளிப்போனவருக்கு ஒரு தட்டு எடுத்துவைக்கும் பொறுப்பை யார் பெயரிலாவது எழுதி வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ரவுண்ட்ஸும் ரத்தம் எடுப்பதும் வேண்டாம், அவசரம் தவிர. உறவினரை அந்த நேரத்தில் வெளியே அனுப்பாதீர்கள், ஊட்டிவிடுவதற்கு அவரைவிட்டால் ஆள் இல்லை.

எல்லா வார்டிலும் ஒரே நாளில் ஆரம்பிக்கச் சொல்லவில்லை. முதியவர்கள் அதிகம் இருக்கும் ஒரு வார்டில் தொடங்கிப் பாருங்கள். படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் வார்டில் நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேரிடம் காட்டுங்கள். எந்த வரி புரியவில்லை என்று அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், அதைப் படித்துச் சமைக்கப் போகிறவருக்கும் பெரும்பாலும் வயதாகித்தான் இருக்கும்.

இப்படிக்கு,
வார்டில் துணைக்கு இருந்த ஒருவன்